மூன்று லென்ஸும் ஒரு மேல்கண்ணாடியும்

தூரத்தில் ஓடுகிறவனைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும், குழாய்போல் நீண்ட லென்ஸோடுதான் அவரை எல்லோரும் பார்த்துப் பழகியிருந்தார்கள். அதனால் பெயர் குழாய்க்காரர். ஓட்டப்பந்தயம், கால்பந்து, சைக்கிள் போட்டி என்று எங்கே விசில் ஊதினாலும் கோட்டுக்கு வெளியே ஒரு மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவருடைய அப்பா தையல்காரர். பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் லாரி ஓட்டினார்கள். அம்மா வழியிலும் கேமராவைத் தொட்டவர் கிடையாது. பரம்பரையில் இல்லாத தொழில் என்பதாலோ என்னவோ, லென்ஸுகளையே ஒரு பரம்பரையாக்கி வைத்திருந்தார் மனிதர்.

ஒரே கம்பெனி, ஒரே அளவு, மூன்று தலைமுறை. முதலாவதற்குப் பெரியவர் என்று பெயர். வெள்ளைப் பெயிண்ட் உரிந்து, வளையம் லொடலொடவென்று ஆடும். எதிர்வெயிலில் வெள்ளைச் சட்டையை எடுத்தால் ஓரத்தில் ஊதாக் கோடு இழுக்கும். அடுத்தது நடுவிலவர். கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் பார்த்துக்கொள்வார், ஆனால் உள்ளே வண்டு புகுந்ததுபோல் முனகிக்கொண்டே இருப்பார். மூன்றாவது புதிதாக வந்தது. எடை குறைவு, வேகம் அதிகம், வெயிலுக்கு அசராது என்று கேள்வி. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். காரணம் இருந்தது. அதைக் கொடுத்தவர் அவருடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த இடம் கேமராக்கடைக்காரர் வீடு. மகளும் அந்தக் கடையிலேயே பொருள் எடுத்துக் காட்டுகிற வேலையைப் பார்த்துவந்தாள்.

படம் எடுப்பவர்கள் சங்கம் என்று ஒன்று உண்டு. சைக்கிள் கடைக்கு மேலே நீளமான ஒரு அறை, ஆடாத நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுவார்கள். மூன்று தலைமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. குழாய்க்காரரைவிட்டால் அதற்கு வேறு யார்?

அறையின் ஒரு கோடியில் சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டினார்கள். மறு கோடியில் முக்காலி. ஒவ்வொரு லென்ஸையும் முழுக்க நீட்டி, ஒரே இடத்தைக் குறிவைத்து எடுத்தார். பெரியவர் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினால் பொடி எழுத்து படிக்க முடிந்தது. நடுவிலவரில் இன்னும் சுத்தம். மாப்பிள்ளையில் எழுத்தெல்லாம் இரட்டையாக, நனைந்த காகிதம்போல் ஊறிக்கிடந்தது.

"இன்னொரு தடவை எடுங்க குழாய்க்காரரே."

இன்னொரு தடவையும் அதே கதிதான்.

"மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியலையே!" என்றார் பேருந்துக் கம்பெனி கணக்கர். அறை சிரித்தது. குழாய்க்காரருக்கு அந்தச் சிரிப்பு தலைக்கு ஏறியது. கடைசி வரிசையில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகள். குழாய்க்காரர் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன சம்பந்தி, பொண்ணைத்தான் குடுத்தாச்சே, இனிமே இந்த ஆளு எங்க போயிடுவான்னு கழிச்சதை என் தலையில கட்டிட்டீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தி எழுந்து, "திருப்பிக் குடுத்துடுங்க. நான் எடுத்துக்கறேன்" என்றார். அவரிடம் அதே லென்ஸுக்குச் சொல்லி வைத்திருந்த பல் டாக்டரும் கணக்கரும் அங்கேயே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த குழாய்க்காரர், திருப்பிக் கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுப்போம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்லிய துணியால் முன்பக்கத்தைத் துடைத்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, மத்த ரெண்டுலயும் இல்லாத வளையம் இதுல இருக்கு?"

கை அப்படியே நின்றது.

அது மேல்கண்ணாடி. தூசி படாமல், கீறல் விழாமல் இருக்க லென்ஸின் முகத்தில் திருகி வைப்பது. புதுசு வந்த அன்றே, ஆசை ஆசையாக, நடைபாதைக் கடையில் அள்ளிப்போட்டிருந்த குவியலில் ஒன்றை வாங்கி மாட்டியவர் அவரேதான். அடிபட்ட கிழவர்களுக்குக் கவசம் எதற்கு என்று மற்ற இரண்டுக்கும் மாட்டவில்லை. மாட்டியதோடு மறந்தும் போனார். திருகிக் கழற்றினார். எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியை அதோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று எடுத்துப் பார்த்தார். இல்லாமல் எடுத்ததில் தொட்டியின் துருவைக்கூட எண்ணலாம்.

காது இரண்டும் சுட்டது. இந்தத் தொழிலில் நேற்று வந்தவன்கூடச் சோதனைக்கு முன் முகத்தில் மாட்டியதைக் கழற்றுவான்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொல்றேன், சொல்றேன். கொஞ்சம் பொறு."

பொறுத்தது அவர்தான். மறுநாள் கால்வலி என்றார். அதற்கடுத்த நாள் மழை வரும்போல் இருக்கிறது என்றார். சும்மா பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பும் வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகவும் கூசிப்போனார். கடைசியில், "என் பொண்ணு அந்த வீட்டுலதான் சாப்பிடறா, ஞாபகம் இருக்கட்டும்" என்று மனைவி சொன்ன பிறகு செருப்பை மாட்டினார்.

கடையில் மகள் நிமிர்ந்து பார்த்து, "வாங்கப்பா" என்றாள். உடனே ரசீதுப் புத்தகத்தில் குனிந்துகொண்டாள். சம்பந்தி பெட்டியை வாங்கித் திறந்தார். மூடியை எடுத்தார். லென்ஸின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"கழட்டிட்டீங்களா?"

குழாய்க்காரர் தலையை ஆட்டினார். "அன்னைக்கே தெரியுமா?"

"நீங்க மூடியைத் திறந்தப்பவே விளக்கு வெளிச்சம் அதுல பளிச்சுனு திரும்பி அடிச்சுதே. நல்ல கண்ணாடி அப்படி அடிக்காது."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? நான் வாய்க்கு வந்ததைப் பேசினேனே."

"பொண்ணு குடுத்தவரு நீங்க. நாலு பேர் நடுவுல உங்களை எப்படிங்க…" என்று இழுத்து, துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த லென்ஸை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"நான் சொல்றேன்னுதான் எழப்போனேன்பா" என்றாள் மகள். "மாமாதான் கையைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டாங்க. என் மாமனாரைத் திட்டினதுக்கு அழறதா, எங்கப்பாவைக் காட்டிக்குடுக்க முடியலைன்னு அழறதான்னு தெரியாம வீட்டுக்கு வந்து அழுதேன்."

சம்பந்தி நாலு அறை கொடுத்திருந்தால்கூடக் குழாய்க்காரர் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார். அந்த லென்ஸைத் திரும்பத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க சம்பந்தி. நாலு பேர் நடுவுல பேசினதை நாலு பேர் நடுவுலயே சொல்லணும்."

"அதெல்லாம் எதுக்குங்க" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அதே அறை, அதே சுவர், புதுச் செய்தித்தாள். குழாய்க்காரர் மேல்கண்ணாடியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்தார். முதலில் அதை மாட்டி எடுத்தார், பிறகு கழற்றிவிட்டு எடுத்தார். இரண்டாவது படம் திரையில் வந்தது. பெரியவரையும் நடுவிலவரையும் மாப்பிள்ளை ஓரங்கட்டிவிட்டது, செய்தித்தாளின் நார்கூடத் தெரிந்தது.

"லென்ஸ் மேல குத்தமில்லை" என்றார். "நான் மாட்டினது இது. நானேதான் பழியும் போட்டேன்."

"அப்போ மாப்பிள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, மாமனாருக்குத்தான்…" என்றார் கணக்கர். அறை சிரித்தது. போன வாரச் சிரிப்பேதான். இந்த முறை அது அவர்மேல் விழுந்தது. பல் டாக்டர், கடைக்கு மறுபடி சொல்லிவிடுகிறேன் என்றார்.

அதெல்லாம் அவர் காதில் சரியாக ஏறவில்லை. மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பு இன்னும் தொண்டையில் இருந்தது. கடைசி வரிசையைப் பார்த்தார். மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை.

"சம்பந்தி எங்கம்மா?"

"கடையில வேலை இருக்குன்னுட்டாங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறப்பதில்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.