காலி நிலத்தில் ஒரு நகரம்

நான் வரைவாளராக வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் ஒரு நகரத்தைக் கட்டிவிடுவது என்று எங்கள் அலுவலகத்தில் முடிவாகியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து ஜெட்டிக்கு நடந்து, எறணாகுளம் படகைப் பிடித்து, பத்து மணிக்குச் சாய்வு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அப்பா பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். வீட்டுக்குள்ளே தமிழ், படி இறங்கினால் மலையாளம்.

எங்கள் திட்ட அதிகாரி அப்போதுதான் வெளிநாட்டுப் பயிற்சி ஒன்று முடித்துத் திரும்பியிருந்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, மழைக்காலத்திலும் கழற்றாத ஒரு கறுப்புக் கண்ணாடி. இன்னொன்று ‘பரிஸ்திதி’ என்ற சொல். சுற்றுச்சூழலுக்கு மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் வந்ததும் சொல்வார், சாயா வந்ததும் சொல்வார், ஜன்னலைச் சாத்தச் சொல்லும்போதும் சொல்வார். வீட்டில் நான் ஒரு நாள் அதைச் சொன்னபோது அப்பா பதறிவிட்டார்.

“யாருக்கு ஸ்திதி மோசமாச்சு? ஆஸ்பத்திரியில சேத்தாச்சா?”

“ஆளுக்கில்லப்பா. பூமிக்கு. மரம், தண்ணி, பறவை எல்லாத்துக்கும்.”

“அதுக்கு ஒரு ஆபீஸா?” என்று அப்பா நிம்மதியாகச் சோற்றுத் தட்டுக்குத் திரும்பினார்.

திட்டம் இதுதான். தெற்கே இடக்கொச்சியைத் தாண்டி, ஆறும் காயலும் கடலை நோக்கிப் போகிற இடத்தில், இயற்கைக்கு இசைந்த புதிய நகரம். காயல் என்றால் கடலோடு சேர்ந்த உப்பங்கழி. நில வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. வெள்ளை நிறம் என்றால் காலி நிலம். அதில் வீடுகள், பள்ளி, படகுத்துறை, பறவைகள் வந்து உட்கார ஒரு குளம் எல்லாவற்றையும் நான் வரைய வேண்டும். மீதி இடத்துக்குப் பச்சை அடிக்க வேண்டும். அந்த வருஷம் ஆபீஸில் வேறு எந்த நிறமும் செலவாகவில்லை. பச்சை மட்டும் மூன்று தடவை வாங்கினார்கள்.

என் பக்கத்து மேஜையில் தலைமை வரைவாளர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஃபோர்ட்கொச்சிக்காரர். “மோளே, பச்சையை வெளிச்சமா அடி. இருட்டா அடிச்சா காடுன்னு நெனச்சு வனத்துறை கேள்வி கேப்பாங்க” என்பார். மோளே என்றால் மகளே.

ஒரு நாள் இடத்தை நேரில் பார்க்கப் போனோம். எழுத்து அழகாக இருக்கும் என்பதால், குறிப்பெடுக்க என்னையும் கூட்டிப்போனார்கள். மோட்டார் படகு, அதிகாரிக்கு மெத்தை வைத்த நாற்காலி, ஒரு குடம் இளநீர். படத்தில் வெள்ளையாக இருந்த இடம் நேரில் பச்சையாக இருந்தது. கரையெல்லாம் அலையாத்தி எனப்படும் கண்டல் மரங்கள், சேற்றிலிருந்து விரல் விரலாக வேர் நீட்டிக்கொண்டு. உள்ளே உப்புத் தண்ணீரிலும் விளைகிற பொக்காளி நெல் வயல்கள். ஓலைக் கூரைகளிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதிகாரி கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து, “அருமையான காலி இடம்” என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

அடுத்த கால் மணி நேரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் எங்களை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் கம்பால் குத்திப் பார்த்தார், அசையவில்லை. அப்போது இடுப்பளவு சேற்றில் கக்கா என்கிற சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, கூடையை இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் ஈரத்துண்டு.

“சாரே, நாலு மணிக்கூர் இருக்கணும். வேலியேற்றம் வந்தாத்தான் போட் எழும்பும்” என்றாள். கடல் தண்ணீர் ஏறி உள்ளே வருவதற்கு அங்கே அதுதான் பெயர்.

அதிகாரி அவளிடம் அன்பாகப் பேசினார். “இங்கே ஒரு பட்டணம் வரப்போகுது, தெரியுமா?”

“அப்படியா சாரே? அது எப்போ வரும்? வேலியேற்றத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வியாபாரம் பேசுகிற மாதிரிதான் கேட்டாள். பிறகு அவளே என்னைக் கைகொடுத்து இறக்கி, வரப்பு வழியாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சுவரில் மண் பூச்சு ஒரு உயரம் வரை நிறம் மாறியிருந்தது. “பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் இதுவரைக்கும் வரும்” என்று விரலால் காட்டினாள். எனக்குப் படிப்பு புதிது, ஆர்வமும் அதிகம். வரப்பில் நடந்து, அந்த நிறம் மாறிய அடையாளத்தை மரம் மரமாக, வீடு வீடாகப் பார்த்து, காலால் அளந்து குறித்துக்கொண்டேன். மதியத்துக்கு அவள் கப்பைக் கிழங்கும் கக்கா வறுவலும் கொடுத்தாள். அதிகாரி இளநீரைக் குடித்துவிட்டு மெத்தையில் தூங்கினார்.

திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே, டிரேசிங் பேப்பரில் அந்த ஏற்றக் கோட்டை வரைந்தேன். நகரத்தின் பாதி அதற்குள்ளே போனது. பள்ளிக்கூடம் போனது. படகுத்துறை மட்டும் சௌகரியமாக இருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்களை முதல் தடவை பார்த்தேன். “இது என்ன?”

“ஏற்றத் தண்ணி வர்ற எல்லை, சார்.”

“படத்தில் பரிஸ்திதி இருக்கணும். பயம் இருக்கக்கூடாது. எடுத்துடு.”

டிரேசிங் பேப்பரில் மசியை அழிக்க ரப்பர் போதாது. பாதி பிளேடை விரலிடுக்கில் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்ட வேண்டும். அன்று முழுக்கச் சுரண்டினேன். தலைமை வரைவாளர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயா குடிக்கப் போகும்போது மட்டும், “சுரண்டின கோடு அம்மோனியா பிரிண்டில் கொஞ்சம் தெரியும். கேட்டால், பேப்பர் பழசுன்னு சொல்லு” என்றார். படகில் வீட்டுக்குத் திரும்பும்போது என் விரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதானே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பொதுமக்கள் கருத்தைக் கேட்க இடக்கொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். முன்னால் மேஜையில் தெர்மோகோல் நகரம். நான் ஸ்பாஞ்சைக் கிழித்துப் பச்சைச் சாயத்தில் முக்கிச் செய்த மரங்கள். அடியில் ‘ஒரு மரமும் வெட்டப்படாது’ என்று பலகை. சுவரில், டிரேசிங்கிலிருந்து நகலெடுத்த பிரிண்டை மாட்டியிருந்தோம். ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். அந்தக் கக்காக்காரியும் வந்தாள், துவைத்த வெள்ளை முண்டு கட்டிக்கொண்டு. படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்று, மங்கலாக ஓடிய ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள்.

“சாரே, இது என்னது?”

அதிகாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அது நடைபாதை. சாயங்காலம் காற்று வாங்க.”

அவள் திரும்பி என்னைத் தேடிப் பிடித்தாள். “மோளே, நீயல்லே அன்னைக்கு எங்க வரப்புல காலால அளந்தது? நீ சொல்லு, இது நடக்குற பாதையா?”

ஹாலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா பஜார் முழுக்க மகள் கவர்மெண்டில் என்று சொல்லிவைத்திருந்தார். இருந்தும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“இல்ல சேச்சி. ஏற்றத் தண்ணி வர்ற எல்லை. அதை நான்தான் அழிச்சேன்.”

பிறகு அதிகாரி கைகளை விரித்து எழுந்தார். “பார்த்தீர்களா! இந்த நடைபாதையில் நின்றால் வேலியேற்றத்தின் அழகை நேரில் ரசிக்கலாம். இயற்கையோடு இணைந்த நகரம் என்று இதைத்தான் சொல்கிறோம்!”

முன்வரிசை கைதட்டியது. பின்னால் இருந்தவர்களும் முன்வரிசையைப் பார்த்துத் தட்டினார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை துணிந்து உண்மையைச் சொன்னேன். அதற்கு நடைபாதை என்று பெயர் வைத்து, விளக்குக் கம்பங்களும் போட்டு, மறுநாள் பத்திரிகையில் பாராட்டி எழுதினார்கள்.

எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றிப் பொதுமக்களுக்கு ஒரு கோட்டை விளக்கியது ஏன் என்று கேள்வி. தலைமை வரைவாளர் பதிலை எழுதித் தந்தார். ‘கோடு ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டபடியால், இல்லாத கோட்டை விளக்கியதாகக் கருத இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. யாருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

அஸ்திவாரக் கல் நாட்டுவதற்கு நல்ல நாள் பார்த்தார்கள். பௌர்ணமி, காலை ஒன்பது மணி. பந்தல் போட இடம் வேண்டியிருந்ததால் கரையோரக் கண்டல்களை வெட்டினார்கள். ஒரு மரமும் வெட்டப்படாது என்ற பலகை அப்படியே இருக்க, இது எப்படி என்று கேட்டேன். கண்டல் மரம் அல்ல, புதர் என்று கோப்பில் எழுதியாயிற்றாம். வெட்டிய இடத்தில் மந்திரி நட, தொட்டியில் ஒரு கண்டல் கன்று தயாராக இருந்தது.

முதல் நாளே அந்தக் கக்காக்காரி என்னிடம் சொல்லியிருந்தாள். “பத்து மணிக்குள்ள முடிச்சுக்கணும் மோளே. நாளைக்குப் பெரிய ஏற்றம்.” நான் அதிகாரியிடம் சொன்னேன். “மந்திரி கரெக்டா ஒன்பதுக்கு வருவார்” என்றார்.

மந்திரி பதினொன்றரைக்கு வந்தார். மாலை போட்டார்கள், வரவேற்றார்கள். அதிகாரி பேச ஆரம்பித்தபோது, கம்பளத்தின் ஓரம் நனைந்து நிறம் மாறுவதைப் பார்த்தேன். அலை இல்லை, ஓசையும் இல்லை. தண்ணீர் விருந்தாளி போல மெதுவாக நடந்து உள்ளே வந்தது. முன்வரிசைக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்தார்கள். பிறகு காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தார்கள். அதிகாரி கடைசிப் பக்கத்தையும் விடாமல் படித்தார். அதற்குள், பந்தலில் கொண்டுவந்து வைத்திருந்த தெர்மோகோல் நகரம் மேஜையோடு சாய்ந்து, பள்ளிக்கூடமும் படகுத்துறையும் காயலை நோக்கி மிதந்தன.

மந்திரியின் கார் சேற்றில் சிக்கிக்கொண்டது. கக்கா பொறுக்குகிற பெண்கள் நாலு பேர் ஒரு வள்ளத்தைக் கொண்டுவந்து, அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் இறங்கும்போது, “இங்கே வடிகால் வசதி போதாது” என்றார். அன்றோடு திட்டம் நின்றது. அதிகாரிக்குப் பதவி உயர்வோடு தலைநகருக்கு மாற்றம். வழியனுப்பு விழாவில், காலத்துக்கு முன்னால் பிறந்த திட்டம் என்று பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை அதே ஆபீஸின் வடிகால் பிரிவுக்கு மாற்றினார்கள்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வருஷம் கழித்து அந்தக் கக்காக்காரி எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றாள். கையில் மடித்து மடித்துக் கிழியப்போகிற ஒரு தாள். வீட்டுக்கு நம்பர் கேட்டு எழுதிப்போட்டிருக்கிறாள். நம்பர் இருந்தால்தான் கரண்டு, ரேஷன் கார்டு. ‘படத்தின்படி அவ்விடத்தில் குடியிருப்பு இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நகரம் போய்விட்டது. படம் போகவில்லை. ஊர் ஆபீஸ்களில் எல்லாம் அதுதான் சரியான படம் என்று மாட்டியிருந்தார்கள், ரொம்ப அழகாக இருந்ததால். பச்சையை வெளிச்சமாக அடித்தது நான்தான்.

“நீ வந்தாயே, சாப்பிட்டாயே. என் வீடு இருக்குன்னு உனக்குத் தெரியும்தானே?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் அலைந்தேன். படத்தைத் திருத்த எங்கள் ஆபீஸின் திட்டப் பிரிவு சொல்ல வேண்டும் என்று ஊர் ஆபீஸில் சொன்னார்கள். திட்டமே இல்லாதபோது எப்படித் திருத்துவது என்று திட்டப் பிரிவு கேட்டது. நிறுத்தப்பட்டதற்கும் ஆணை இல்லையாம், அதனால் அது நடந்துகொண்டுதான் இருக்கிறதாம். கடைசியில் தலைமை வரைவாளர், ஓய்வு பெறுவதற்கு இரண்டு வாரம் முன்னால், மூல டிரேசிங்கை அலமாரியிலிருந்து எடுத்து என் மேஜையில் விரித்தார்.

“நடந்துட்டிருக்குற திட்டத்துல வீடு கூடுறது இயல்புதானே. போடு.”

அவள் வீட்டைப் போட்டேன். சின்னச் சதுரம். பக்கத்தில் அன்று புகை பார்த்த மற்ற வீடுகளையும் நினைவிலிருந்து போட்டேன். அவர் கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டு, புது பிரிண்ட் எடுத்துவரச் சொன்னார். இரண்டு மாதத்தில் அவளுக்கு நம்பர் வந்தது.

தகரத்தில் எழுதிய அந்த நம்பரைக் காட்ட என்னை வரச்சொன்னாள். போனேன். கரண்டு இன்னும் வரவில்லை, ஆனால் பல்பு வாங்கி மாட்டியிருந்தாள். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கக்கா கொடுத்தாள். பஸ்ஸில் அது மடியெல்லாம் ஒழுகியது. மட்டாஞ்சேரி வரைக்கும் கண்டக்டர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் பொட்டலத்தைக் கீழே வைக்கவே இல்லை.