அயர்லாந்துக் குதிரைக்காக நான் போட்ட சண்டை

என் வீட்டுக்காரருக்குக் குதிரை என்றால் ஜப்பான் குதிரை. அவருடைய கூட்டாளிக்குக் குதிரை என்றால் அயர்லாந்துக் குதிரை. அந்த இரண்டு நாட்டிலும் இரண்டு பேருமே கால் வைத்ததில்லை. இவர் பாயான் பாருவில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். கூட்டாளி ஜார்ஜ்டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஃபிளாட்டில் கைப்பேசியைத் தண்ணீர் போத்தல்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஹாங்காங்கிலோ துபாயிலோ ஓடும் பந்தயத்தைப் பார்த்துச் சண்டை போடுவார்கள். காசெல்லாம் கட்டமாட்டார்கள், வாய்தான் ஓடும். இந்தப் பினாங்குத் தீவிலேயே பந்தயத் திடல் இருந்ததே, அங்கே ஓடிய குதிரைகளை இரண்டு மகாராஜாக்களும் மதித்ததே கிடையாது.

நான் அடுப்படியில் நின்று இதைக் கேட்டுக் கேட்டே கிழவியாகிவிட்டேன். பாரிஸில் நடக்கும் அந்தப் பெரிய பந்தயத்தை ஜப்பான் குதிரை இதுவரை ஜெயித்ததே இல்லை என்று கூட்டாளி குத்துவார். அங்கே புல் ஈரம், கால் புதையும், ஓடுகிற குதிரைக்கு அதுவா இடம் என்று இவர் எகிறுவார். "அண்ணே, உங்க ஜப்பான் குதிரைக்கு ரத்தமே அமெரிக்கா ரத்தம். அங்கேருந்து வாங்கிட்டு வந்த பொலிக்குதிரையோட பேரப்பிள்ளைங்கதானே எல்லாம்?" என்பார் அவர். "அப்படிப் பார்த்தா நீ யாழ்ப்பாணத்துக்காரன்டா. உன் பாட்டன் அங்க பிறந்தாரு. நீ போய் அங்க ஓட்டுப் போடுறியா? எங்க தின்னு வளருதோ அந்த ஊர்க் குதிரை!" என்பார் இவர். கூட்டாளியும் விடமாட்டார், பிறந்த மண்தான் கணக்கு என்று மேசையைத் தட்டுவார். தேத்தண்ணி ஆறிப் போகும். இரண்டு பேரையும் கோணியில் கட்டி அந்தக் குதிரைகளோடேயே அனுப்பிவிடலாமா என்று எனக்கு வரும்.

போன வருஷம் இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. உயிர் பிழைத்தது. வலது கையும் பேச்சும் போனது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது, கண்ணைப் பார்த்தாலே தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். முதலில் முயன்றார். முக்கி முக்கி, நரம்பு புடைக்க, 'ப'வோ 'ம'வோ ஒன்று வரும். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சீனப் பெண் மலாயில் எனக்குத் தெளிவாகச் சொன்னாள். ஆரம்ப மாதங்கள்தான் முக்கியம், அவராகவே பேச முயன்றால்தான் பேச்சு திரும்பும், முயற்சியை நிறுத்திவிட்டால் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. அவருக்கு எதில் உயிரோ அதைப் பேசுங்கள், பதில் சொல்லாமல் இருக்கமுடியாதபடி பேசுங்கள், கோபம் வந்தாலும் நல்லதுதான் என்றாள். எனக்கு உடனே கூட்டாளி முகம்தான் வந்தது. இவரை அந்த மனிதர் மாதிரிக் கோபப்படுத்த இந்தப் பினாங்கில் ஆள் கிடையாது. அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வந்தால் வாயில் தேனைத் தடவிக்கொண்டு வருவார்கள். ஒரு டின் மைலோ மாவு, ஒரு பை ஆரஞ்சு, அதோடு எதற்கெடுத்தாலும் ஆமாம். எதிர்த்து ஒரு சொல் வராது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த என் பெரிய நாத்தனார் திருநீற்றைப் பூசிவிட்டு என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். "பாரும்மா, சீக்காளி மனசு நோகவே கூடாது. என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு. குரலை உசத்தாதே." வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். என்னோடு தினம் சண்டை பிடிக்கிற மேல்மாடிக்காரிகூட அந்த அறைக்குள் வந்தால் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

கூட்டாளியும் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன், ஆரம்பிக்கட்டும் என்று.

"அண்ணே, நான் யோசிச்சுப் பார்த்தேன்," என்றார். "நீங்க சொன்னதுதான் சரி. ஜப்பான் குதிரைக்கு ஈடே இல்லைண்ணே. அயர்லாந்து எல்லாம் பக்கத்துல வரமுடியாது."

இவர் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஐயோ, அந்தப் பார்வையை நான் எங்கே போய்ச் சொல்வேன்? இத்தனை வருஷமாகத் தலைகீழாக நின்றாலும் ஒப்புக்கொள்ளாத மனிதர் இப்போது ஒப்புக்கொள்கிறார் என்றால், தன் கதை முடிந்துவிட்டது என்று ஊரே தீர்மானித்துவிட்டதாகத்தானே அர்த்தம்? டாக்டர் சொல்லாததை அன்பாக, கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டாளி சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து பயிற்சிக்குக் கூட்டிப்போனாலும் இவர் உதட்டை அசைப்பதில்லை.

மாடிப்படியில் வைத்துக் கூட்டாளியை மடக்கினேன். "உங்களைக் கும்பிடுறேன் தம்பி. உள்ள போய்ச் சண்டை போடுங்க. பழைய மாதிரி திட்டுங்க."

"எப்படி அண்ணி? அண்ணன் படுத்துக் கெடக்கிறாரு. நான் போய் அவரை மட்டம் தட்டவா? பாவம்லா. என்னால முடியாது அண்ணி." கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார். நல்ல மனிதர்தான். அந்த நல்லதனத்தைத் தூக்கிக் கடலில் போடவேண்டும்போல இருந்தது எனக்கு.

சரி, நானே போடுகிறேன் என்று இறங்கினேன். கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். எது தூரம் ஓடும், எது குறைந்த தூரத்தில் பாயும், எந்த நாட்டில் எந்தப் பக்கம் சுற்றி ஓடுவார்கள், எல்லாம் படித்தேன். சோறு ஊட்டும்போது ஆஸ்திரேலியாக் குதிரையைப் புகழ்வேன். துடைத்துவிடும்போது ஜப்பானை இழுத்துக் கேவலப்படுத்துவேன். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன், திருத்தட்டும் என்று. ஒரு நாள் ஹாங்காங்கில்தான் உலகத்திலேயே அதிகமாகக் குதிரை பிறக்கிறது என்று சொன்னேன். அங்கே குதிரைப் பண்ணையே கிடையாது, எல்லாம் வெளிநாட்டில் வாங்குவது என்று எனக்கே தெரியும். பழைய ஆளாக இருந்தால் தட்டைத் தூக்கி வீசியிருப்பார். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் போனது, மாதம் போனது. அந்தச் சீனப் பெண் என்னிடம் பேசும்போது தரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு ஹாங்காங்கில் ஒரு பெரிய பந்தயம் வந்தது. ஜப்பானிலிருந்து வந்தது ஒன்று, அயர்லாந்திலிருந்து வந்தது ஒன்று, மற்றதெல்லாம் உள்ளூர். கூட்டாளியைக் கூப்பிட்டேன். வந்தார், மைலோ டின்னோடு. இவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தோம். கைப்பேசியை மடியில் வைத்தேன்.

ஜப்பான் குதிரைதான் முன்னால் வந்தது. கடைசியில் உள்ளூர்க் குதிரை ஒன்று ஓரமாகப் பாய்ந்து அதைத் தாண்டிவிட்டது. அந்த உள்ளூர்க் குதிரை அயர்லாந்தில் பிறந்தது. பந்தயத்துக்கு முன்னாலேயே படித்துவைத்திருந்தேன். கூட்டாளிக்கும் அது தெரியாமலா இருக்கும்? இதைவிட ஒரு வாய்ப்பு ஒரு மனிதனுக்குக் கிடைக்குமா? பழைய நாளாக இருந்தால் நாற்காலிமேல் ஏறி நின்று, பிறந்த மண் ஜெயித்தது என்று கூவியிருப்பார். நான் கூட்டாளியின் வாயையே பார்த்தேன்.

"பாவம்ணே, ஜப்பான் குதிரைக்கு நல்ல நேரமில்ல," என்றார் அவர். "ஓட்டுறவன் அவசரப்பட்டுட்டான். இல்லாட்டி உங்களுதுதான் ஜெயிச்சிருக்கும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "என்னது ஜெயிச்சிருக்கும்?" என்று கத்தினேன். "கிழிச்சிருக்கும்! தோத்துப்போச்சு, தோத்துப்போச்சுன்னு சொல்லுங்க! ஜெயிச்சது அயர்லாந்துக் குதிரை, அங்க பிறந்த குதிரை! ஜப்பான் குதிரையாம் பெரிய ஜப்பான் குதிரை! வீட்டுல புலி, வெளியில வந்தா ஆடு! இத்தனை வருஷமா இதுக்கா வாய் கிழியப் பேசினீங்க? இப்ப பேசுங்களேன்! எங்க தின்னு வளருதோ அந்த ஊர்க் குதிரைன்னு சொல்லுங்களேன்! வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"அண்ணி, அண்ணி," என்று கூட்டாளி என் தோளைத் தொட்டார். நான் தட்டிவிட்டேன். மேல்மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கேட்கட்டும். நான் அழுதுகொண்டே அயர்லாந்தைப் புகழ்ந்தேன், அதன் புல்லைப் புகழ்ந்தேன், மழையைப் புகழ்ந்தேன். கால் வைக்காத ஊருக்காக அந்த அறையில் நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

அப்போது இவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. உதடு குவிந்தது. நான் சட்டென்று நிறுத்தினேன். முகம் சிவந்து, தலை நடுங்கி, எங்கோ ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"போ...தும்."

தெளிவான சொல். கூட்டாளி துள்ளி எழுந்தார். "அண்ணே பேசிட்டாரு! அண்ணி, பேசிட்டாரு!" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். உடனே வெளியே ஓடி என் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் முருகா முருகா என்று கும்பிடுவது உள்ளே எனக்கே கேட்டது.

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. சண்டைக்கு வந்தவரின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் நான் துடைக்கிற, ஊட்டுகிற, தூக்கி உட்காரவைக்கிற எல்லாவற்றையும் விட்டுவிடு என்று என்னைக் கேட்கிற முகம் அது. இத்தனை நாளாகப் பேசாமல் சேர்த்துவைத்த தெம்பையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத்தான் செலவழித்திருக்கிறார்.

கைப்பேசியை மடியிலிருந்து எடுத்து அவருடைய கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

"போதாது," என்றேன். "தோத்த குதிரைக்கு என்ன பதில், அதைச் சொல்லுங்க."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கையை இறக்கவில்லை.