பின்பக்கமாக நடப்பவள்

எங்கள் லாஹு இனத்தாரின் மலையில் கசகசா வயல்களை அழித்துத் திருச்சபையார் காபி நட்டு வெகுகாலமாகிறது. நாமூ மட்டும் இன்னமும் பின்பக்கமாக நடந்துதான் பழம் பறிக்கிறாள். அபினுக்குக் கசகசாக் காய் கீறிய நாளில், வடியும் பால் துணியில் ஒட்டாதிருக்க அப்படித்தான் நடப்போம்.

"இந்தப் பழத்துல என்னடி வடியுது? முன்னால பார்த்து நட," என்று போதகர் மனைவி சிரித்தாள்.

"பழகிருச்சுக்கா," என்றாள் நாமூ.

அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கசகசா நாளில் நாமூவின் புருஷன் ஜாதே எதிர்முனையிலிருந்து அவனும் பின்பக்கமாகவே கீறிக்கொண்டு வருவான். நடு வயலில் இருவர் முதுகும் முட்டிக்கொள்ளும். ஒருநாள் அபின் மூட்டையோடு எல்லை தாண்டியவன் திரும்பவேயில்லை.

இன்று வரிசை நடுவில் அவள் முதுகில் ஏதோ இடித்தது. காபிக் கிளைதான். அவளுக்கும் தெரியும். திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றாள்.