ஒலிபெருக்கியில் ஒரு பெயர்

ஆடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே புனிதவதி, செம்பனைத் தோட்டத்துக் கோயில் செயலாளர் சேதுவைத் தனியாக அழைத்துச் சேலைப் பையைக் கையில் கொடுத்தாள்.

"அம்மனுக்குச் சாத்துங்கோ, தம்பி. என்ர பேர் மட்டும் எங்கையும் வரப்படாது. மைக்கிலையும் வேண்டாம், நோட்டீசிலையும் வேண்டாம்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் லா, அக்கா."

அது மகளுக்காக நேர்ந்துகொண்ட சேலை. மார்ச் மாதம் தனேஸ்வரிக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. பெரிய மருத்துவமனைக்குப் போனால் கடவுச்சீட்டுக் கேட்பார்கள். அகதி அட்டையை நீட்டினால் பிடித்துக்கொடுத்தாலும் கொடுப்பார்கள் என்ற அச்சத்தில், பெற்ற பிள்ளைக்குப் பப்பாளி இலைச் சாற்றைப் புகட்டிவிட்டு, ஐந்து நாள் பாயருகே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியது. ஆனால் ஒரு தாயை அப்படி உட்கார வைத்த உலகத்தின்மேல் அவளுக்கு எழுந்த கோபம் இறங்கவில்லை.

"சண்டைதான் முடிஞ்சிருச்சே, ஊருக்குப் போக வேண்டியதுதானே?" என்று தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளில் பலரும் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு இராஜம்மாகூட ஒருமுறை கேட்டாள். புனிதவதி பதில் சொன்னதில்லை.

பதில் ஓர் ஒலிபெருக்கியில் தொடங்கியது. போர் முடிந்த வாரத்தில், முள்வேலிக்குள் நின்ற கூட்டத்தை நோக்கி அது சொன்னது: இயக்கத்தில் ஒரே ஒரு நாள் இருந்தவர்களும் பெயரைப் பதியட்டும், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம். அவள் கணவன் குமரவேல் இயக்கத்தின் வண்டிகளை எட்டு மாதம் பழுது பார்த்தவன். நேர்மையாக எழுந்துபோய்ப் பெயரைச் சொன்னான். அவனைப் பேருந்தில் ஏற்றினார்கள். அப்போது தனேஸ்வரி வயிற்றில் மூன்று மாதம்.

பிறகு எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. முகாம் முகாமாகக் கேட்டு அலைந்தவளின் வீட்டுக்குச் சீருடை இல்லாத ஆட்கள் வந்து, ஏன் கேட்கிறாய் என்று கேட்டார்கள். மூன்றாம் முறை வந்தபோது, முற்றத்தில் விளையாடிய குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த மாதமே அவள் மகளோடு விமானம் ஏறினாள். வந்து இறங்கிய இந்த நாட்டில் கிடைத்த அட்டை அவளை அகதி என்று ஒப்புக்கொண்டது. வேலை செய்யவோ, மகளைப் பள்ளிக்கு அனுப்பவோ உரிமை தரவில்லை; அதிகாரிகள் பிடித்தால் காப்பாற்றவும் செய்யாது. பக்கத்துக் கரையோர ஊரான பாசிர் பெனம்பாங்கின் மீன் கொட்டகை ஒன்றில் ஒளிந்து ஒளிந்து இறால் உரித்தே பிள்ளையை வளர்த்தாள்.

திருவிழா அன்று பிற்பகல் சேது மைக்கைப் பிடித்தான். அந்தக் கோயிலில் பெயர் சொல்லாத உபயம் என்று ஒன்று கிடையாது. ஒரு காலத்தில் விடியற்காலைப் பெரட்டில், வேலையாட்களைக் கணக்கெடுக்கும் கங்காணியான மண்டோர் வாயிலிருந்து ஏச்சோடு வந்த பெயர்கள், பேரப்பிள்ளைகள் காலத்தில் அம்மன் முன்னால் மரியாதையோடு ஒலிக்க வேண்டும் என்பது தோட்டத்தாரின் பிடிவாதம். ஊர், பெயர், வீட்டு எண் எல்லாவற்றையும் நிறுத்திச் சொல்வார்கள். யாரையும் விட்டுவிடச் சேதுவுக்கு மனம் வராது.

"அம்மனுக்குப் பட்டுச் சேலை உபயம்! இலங்கை முல்லைத்தீவிலிருந்து அகதியாக வந்து, நம்ம பழைய லயத்துப் பன்னிரண்டாம் வீட்டில் குடியிருக்கும் திருமதி புனிதவதி குமரவேல், செல்வி தனேஸ்வரி! எல்லாரும் கை தட்டுங்க!"

கூட்டம் தட்டியது. கோயிலின் முகநூல் பக்கத்தில் எல்லாம் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது.

புனிதவதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மைக்கின் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள்.

"வேண்டாம் எண்டு சொன்னனானோ இல்லையோ?"

"அக்கா, மரியாதைக்குத்தானே…"

"ஆருக்கு மரியாதை? என்ர மனுசனையும் மைக்கிலதான் மரியாதையாக் கூப்பிட்டவங்கள். போன மனுசன் இன்னும் வரேல்லை. இப்ப என்ர பிள்ளையின்ர பேரையும் வீட்டு நம்பரையும் ஊருக்கே வாசிச்சுக் குடுத்திருக்கிறீர்!"

"சாமி வாசல்ல இப்படிக் கத்தலாமா?" என்றது ஒரு குரல்.

"சாமி கேக்கட்டும்! அவவுக்கும் சேர்த்துத்தான் கத்துறன்."

அன்று மாலையே சேது காணொளியை நீக்கினான். அதற்குள் அது பல கைப்பேசிகளுக்குப் போயிருந்தது.

புதன்கிழமை மீன் கொட்டகைக்கு இராஜம்மாவின் அழைப்பு வந்தது. "புனிதா, ரெண்டு இமிகிரேசன் ஆபீசருங்க வந்து பன்னெண்டாம் வீடு எதுன்னு கேட்டாங்க. முச்சந்திக் கடையில எவனோ கையைக் காட்டிட்டான். புள்ள என் குளியலறையில இருக்கு. பயப்படாத. போயிட்டாங்க, ஆனா திரும்பி வருவாங்க லா."

இறால் கத்தி கையில் இருந்தபடியே புனிதவதி, கொட்டகையின் லோரி ஓட்டுநர் ரெங்கசாமியிடம் ஓடினாள்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பைகளோடு தாயும் மகளும் லோரியின் முன் இருக்கையில் இருந்தார்கள். ஒன்பது ஆண்டுக் குடித்தனம் அந்த இரண்டு பைகளுக்குள் அடங்கிவிட்டது. தனேஸ்வரி அழவில்லை. "இது எத்தினையாவது வீடம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

சேது மூச்சிரைக்க ஓடி வந்து சன்னலைப் பிடித்தான். கையில் பிரசாதப் பை.

"அக்கா, நல்லதுக்குன்னுதான் சொன்னேன். சத்தியமா இப்படி ஆகும்னு நெனைக்கல. எங்க போறீங்கன்னு மட்டுமாவது சொல்லிட்டுப் போங்க. நாங்க வந்து பாக்குறோம்."

புனிதவதி அவன் கைகளைப் பார்த்தாள்.

"மைக்கும் கொண்டு வந்திருக்கிறீரோ, தம்பி?"

சேதுவின் கை சன்னலிலிருந்து நழுவியது. பிரசாதப் பையை அவள் வாங்கவில்லை.

ரெங்கசாமி வண்டியைக் கிளப்பினார். "எந்தப் பக்கம்மா போகணும்?"

லோரி செம்பனை மரங்களைத் தாண்டிப் பெருஞ்சாலையில் ஏறி, தோட்டம் கண்ணுக்கு மறையும்வரை அவள் கையால் மட்டுமே வழி காட்டினாள்; போகும் ஊரின் பெயரைச் சொல்லவில்லை.