மேற்கே சூலம், ஹூஸ்டனில் பேஸ்பால்

வெள்ளிக்கிழமை மதியம், ஆக்லாந்தின் புறநகர் பாட்டனி டவுன்ஸ். ஜூலை மாதத்து மழை.

அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கக் கிளம்பியவர்கள் எதற்கு முதலில் வெஸ்ட்கேட்டுக்குப் போனீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆக்லாந்து ஏர்போர்ட் எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர். வெஸ்ட்கேட் அதற்குச் சம்பந்தமே இல்லாத திசையில், ஊரின் மறுகோடியில், அதைப் போல இரண்டு மடங்கு தூரம். இந்தப் பெருமையெல்லாம் என் வீட்டுக்காரர் முரளியையே சேரும். மனுஷன் இந்தப் பயணத்துக்கு ஆறு மாதம் திட்டம் போட்டார்.

எங்கள் பெண் நிலாவுக்குப் பதிமூன்று வயது. பள்ளி சாஃப்ட்பால் டீமில் பந்து வீசுகிறாள். பேஸ்பாலின் தங்கச்சி மாதிரியான ஆட்டம், பந்து மட்டும் பெரிது. பெரிய லீக் ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. கூட்டிப்போகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். முதல் வருஷம் திருச்சியில் என் சித்தி மகள் கல்யாணம் வந்து அந்த லீவை விழுங்கியது. அடுத்த வருஷம் வீடு வாங்கினோம், மார்ட்கேஜ் விழுங்கியது. மூன்றாவது வருஷம் டிக்கெட்டே போட்டு அவளிடம் காட்டினோம். போனைப் பார்த்துவிட்டு "கூல்" என்றாள். டீமில் ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

"ஏன்டி, சொல்லலாமே?" என்றேன்.

"ஐ'ல் டெல் தெம் வென் ஐ'ம் தேர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா அப்பா பேச்சை இனி நம்புவதற்கில்லை என்று குழந்தை அமைதியாக முடிவு கட்டியிருந்தாள்.

முரளிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். இராப்பகலாகத் திட்டத்தில் இறங்கினார். ஹூஸ்டனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஆக்லாந்திலிருந்து நேர் விமானம் உண்டு. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், ஒரே தூக்கு. மைதானம் நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது, ரயிலில் இறங்கி நடந்தே போய்விடலாம். வெயில் படாத சீட் எது என்று கண்டுபிடிக்க மட்டும் இரண்டு வாரம் மைதானப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஜூலையில் அந்த மைதானத்துக் கூரையை மூடி ஏசி போட்டுவிடுவார்கள் என்று நிலா சொன்ன பிறகுதான் விட்டார். அவள் கேட்டது மூன்றாவது பேஸ் பக்கம், அடித்த பந்து பறந்து வரும் இடம், பிடித்தால் நமக்கே. தலைக்கு அறுபத்தெட்டு அமெரிக்க டாலர். உள்ளே கொண்டுபோகும் பை இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்ததால், ஸ்கேலை வைத்து வீட்டிலிருந்த பைகளையெல்லாம் அளந்து, கடைசியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பையை வாங்கி வந்தார். எல்லாம் சரி. சும்மா சொல்லக்கூடாது, அதுவரை எல்லாமே சரி.

அப்புறம்தான் தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அமெரிக்காவுக்குப் போறோம், இதை எப்படிக் கவனிக்காம விட்டேன்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பரிகாரம் வெல்லம்னு அதுலயே போட்டிருக்குங்க. ஆளுக்கு ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டுக் கிளம்புவோம்" என்றேன்.

"வெல்லமெல்லாம் மதுரைக்குப் போறதுக்கு. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தாங்குமா?"

தேதியை மாற்ற வழியில்லை. சனிக்கிழமை மதியம் ஆட்டம். அது முடிந்ததும் அந்த டீம் வெளியூர் போய்விடும், எங்கள் லீவுக்குள் திரும்பாது. வெள்ளி மாலை இங்கே ஏறினால், தேதிக்கோட்டைத் தாண்டுவதால், அதே வெள்ளியன்று அங்கே இறங்கலாம். அந்த விமானத்தை விட்டால் ஆட்டமும் போச்சு, எங்கள் மானமும் போச்சு. ஆகவே முரளி பரஸ்தானம் வைப்பது என்று முடிவு செய்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே நல்ல நேரத்தில் பயணப் பை ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. போகும்போது பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்தப் பை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது.

வியாழக்கிழமை காலை நல்ல ஹோரை பார்த்து, அடுத்த தெருவிலிருக்கும் சிவநேசன் வீட்டில் பையை வைத்துவிட்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்குத் தம்பி மாதிரி. பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, நிலாவின் பேஸ்பால் கையுறை. இதோடு நிறுத்தியிருக்கலாம். "பயணத்துக்கு எது இல்லாமல் முடியாதோ அதுதான் முதலில் கிளம்ப வேண்டும்" என்று மூன்று பாஸ்போர்ட்டையும் அதில் போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சிவநேசன் எங்களை வழியனுப்ப வந்தார், கையில் அதே பை. "அண்ணை, நாளைக்கு எனக்கு வேலை. இதை இப்பவே வச்சிருங்கோவன்" என்று வாசலில் நின்று நீட்டினார். முரளி குறுக்கே கையை நீட்டி மறித்து, "ஐயையோ, படி ஏறக்கூடாது, கொண்டு போயிடுங்க!" என்றார். அடுப்படியிலிருந்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் சிரித்திருப்பேனா?

வெள்ளி, இரண்டு மணி. பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு சிவநேசன் வீட்டு வாசலில் நின்றோம். அவர் மனைவி வத்சலா கதவைத் திறந்தாள்.

"பையோ? அவர் கார் டிக்கியிலேயே வச்சிருக்கிறார் அக்கா. பிள்ளையள் இழுத்துப் போடுவினம் எண்டு. ரெண்டு மணிக்கு வந்திடுவன் எண்டவர். இப்பதான் பிரேக்கில மெசேஜ் போட்டவர், ஆறு மணி வரைக்கும் நிக்கச் சொல்லிட்டினமாம்."

"போன் போடும்மா."

"வேலை நேரத்தில போன் லாக்கருக்குள்ள அக்கா. எடுக்க மாட்டார்."

"சரி, ஒரு வேட்டிதானே, விட்டுட்டுப் போவோம்" என்று நான் காரை நோக்கித் திரும்பினேன். முரளி நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது. அப்போதுதான் பாஸ்போர்ட் விஷயம் வெளியே வந்தது. எனக்கு வந்த கோபத்தில் நடுத்தெரு என்றுகூடப் பார்க்கவில்லை. "உங்க மூளையையும் சேர்த்து அந்தப் பைக்குள்ள வச்சிட்டீங்களா?" என்று கத்தினேன். வத்சலா பாவம், உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சிவநேசனின் வேலை வெஸ்ட்கேட்டில், வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையின் கிடங்கில். பகுரங்காவைத் தாண்டி மவுண்ட் வெல்லிங்டனில் மோட்டார்வேயில் ஏறுவதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஷாப்பிங் மாலுக்குத் திரும்புகிற வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. வெள்ளிக்கிழமை, பள்ளி லீவு, மழை வேறு. ஊரே ரோட்டில்தான் இருந்தது. முரளி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "நேத்து குரு ஹோரை, எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்" என்று முனகினார். "இன்னொரு தடவை ஹோரைன்னீங்கன்னா இங்கேயே இறங்கிடுவேன்" என்றேன்.

நிலா பின்சீட்டில் இருந்தாள். கண்ணாடியில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. இதுதான் நடக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும் போல இருந்தது.

நாலு மணி நெருங்க வெஸ்ட்கேட். கடை கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது? நல்ல நேரத்துக்காகப் பாஸ்போர்ட்டை முன்கூட்டியே கிளப்பி விட்டோம் என்றா? "எமர்ஜென்சி" என்று மட்டும் சொன்னேன். மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் உடுப்போடு சிவநேசன் ஓடி வந்தார்.

"ஐயோ அக்கா, நான் அதைச் சுத்தமா மறந்திட்டன்! நேற்று உங்கட வாசல் வரைக்கும் கொண்டந்தனான். அண்ணைதானே வேண்டாமெண்டு கலைச்சு விட்டவர்!"

"ஓம், அவர்தான்" என்று நான் அவர் பாஷையிலேயே சொன்னேன். முரளி தரையைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் நார்த்வெஸ்டர்ன் மோட்டார்வே ஓரளவு ஓடியது. பையை நிலா மடியில் வைத்துக்கொண்டாள். வாட்டர்வியூ சுரங்கத்துக்குள் நுழைந்து மழைச் சத்தம் நின்றபோது முதல் தடவையாகப் பேசினாள்.

"அம்மா, வை டிட் வி கிவ் த பேக் அவே?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை மேற்குத் திசையில் பயணம் போகக்கூடாது என்பது வழக்கம், அமெரிக்கா மேற்கே இருப்பதால் அப்பா பயந்துவிட்டார் என்று.

மடியிலிருந்த பையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"பட்... ஹூஸ்டன் இஸ் ஈஸ்ட்."

முரளி கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"ஃப்ரம் ஹியர், அப்பா. இட்ஸ் ஈஸ்ட்."

சென்னையிலிருந்து பார்த்தால் அமெரிக்கா மேற்கு. ஆக்லாந்திலிருந்து பசிபிக் கடலைத் தாண்டினால் கிழக்கு. பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறோம், வீட்டுக்கு மார்ட்கேஜ் கட்டுகிறோம், ஆனால் அப்பாவும் அம்மாவும் திசை பார்ப்பது இன்னும் மாம்பலத்து மொட்டை மாடியில் நின்றுகொண்டுதான். வெல்லம் பரிகாரம் என்ற எனக்கும் அது தோன்றவில்லையே! சுரங்கத்தின் அந்தக் கோடி வந்தது. அப்புறம் முரளி, "சனிக்கிழமைதான் கிழக்கே சூலம். இன்னிக்கு ஒண்ணுமே இல்லை" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "ரோட்டைப் பாருங்க" என்றேன்.

ஏர்போர்ட்டில் பெட்டி வாங்குகிற கவுண்ட்டரை மூடப்போகும் நேரத்தில் மூச்சிரைக்கப் போய் நின்றோம். அங்கிருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கினாள். அதன் அட்டையில் விபூதி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

சனிக்கிழமை மதியம், ஹூஸ்டன். வெளியே கொளுத்தும் வெயில், சென்னைக்கு அண்ணன். உள்ளே கூரையை மூடி வைத்த குளிரில் நான் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எதிரே பச்சைப் பசேலென்று மைதானம். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நிலா கையுறையை மாட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு போட்டோ எடுத்து டீமுக்கு அனுப்பினாள். "ஐ'ம் ஹியர்" என்று மட்டும் எழுதியிருந்தாள். போனில் பதில்கள் வந்து விழுந்தபடி இருந்தன. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, முந்தின நாளெல்லாம் பட்ட எரிச்சலில் முக்கால்வாசி எனக்குத் தணிந்துவிட்டது.

கால்வாசி ஏன் மிஞ்சியது என்றால், ஐந்தாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கும்போது முரளி குனிந்து போனில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் நாம திரும்புறது ஞாயித்துக்கிழமை இல்லையா?" என்று குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமையும் மேற்கே சூலம்தான். ஆக்லாந்து இங்கேருந்து மேற்கு. இது நிஜமாவே மேற்கு."

நான் வாயெடுப்பதற்குள் நிலா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையுறையை அவர் முன்னால் நீட்டினாள். அவள் வீட்டில்கூடத் தமிழில் பதில் சொல்வது அபூர்வம்.

"பாஸ்போர்ட்டை இதுல போடுங்கப்பா. மூணும். நாம வீட்டுக்குப் போகணும்."

முரளி கண்ணாடிப் பையைத் திறந்து மூன்றையும் எடுத்து வைத்தார். அவள் கையுறையை இறுக மூடிக்கொண்டாள். ஆட்டம் முடியும்வரை மூன்றாவது பேஸ் பக்கம் எத்தனையோ பந்து பறந்து வந்தது. ஒன்றைப் பிடிக்கக்கூட அவள் கையைத் திறக்கவில்லை.