ஸ்பேர் கண்

பிரிஞ்சாங் பட்டறையில் நான் வெல்டிங் பழகப் போன முதல் நாள். குச்சியை இரும்பில் உரசியதும் பொறி பறந்தது. கூடவே, சிறுவயதில் முகர்ந்த அதே கருகல் வாசனை. முகமூடி போட்டிருந்தும் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டேன். குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டது.

அன்று அப்பா ஒரு கண்ணைத்தான் மூடினார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். உடைந்த லோரிப் படியைத் தானே ஒட்டிப் பழகலாம் என்று வெல்டிங் செட்டை இரவல் வாங்கினார், முகமூடி வாங்கவில்லை. "ஒரு கண்ணு வேலை செய்யட்டும், ஒண்ணு ஸ்பேர்ல இருக்கட்டும் லா" என்று கண்களை மாற்றி மாற்றி மூடினார்.

சாயங்காலம் இரண்டிலும் மணலை அள்ளிக் கொட்டியது போல எரிச்சல். அம்மா தேயிலைச் சக்கையைத் துணியில் கட்டிக் கண்மேல் வைத்தாள். "கண்ணு தெரியாதவருக்கு எந்தத் துரை லோரி குடுப்பாரு?" என்று முணுமுணுத்தாள். லோரி வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்; அது அந்த வயதில் எனக்கே தெரியும்.

காலையில் துணியை எடுத்துவிட்டு அப்பாவின் எதிரே நின்றாள். "என் சேலை என்ன கலரு? சொல்லுங்க."

அப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"கலரு தெரியல. நீ அழுவுறது தெரியுது."

மூன்றாம் நாள்தான் லோரியை எடுத்தார்.

"அக்கா!" பட்டறையில் கற்றுக்கொடுக்கும் பெண் என் முகமூடியைத் தட்டினாள். "அதான் கறுப்புக் கண்ணாடி இருக்கே, உள்ள எதுக்கு லா கண்ண மூடுறீங்க?"

மறுபடி உரசினேன். ஒரு கண்ணைத் திறந்தேன். பிறகு, ஸ்பேரையும்.