ஓடைக்கு அந்தப் பக்கம் நான் போட்ட கோடு

என் மகள் வேலை நிமித்தமாகப் பிரான்ஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவாள். போன மாதம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஒரு கால்வாய், தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. இரண்டு கரையிலும் மரங்கள், கரைமேல் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை, அதைத் தாண்டிக் கண்ணுக்கு எட்டியவரை திராட்சைக் கொடி. முக்குக்கு முக்கு பலகை நட்டு எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "யார்ட்டயும் வழி கேக்கவே வேண்டாம்ப்பா" என்றாள். எனக்கு அப்படியொரு நிம்மதி. அவள் சும்மா சொன்ன பேச்சுக்கு இந்த மனிதர் ஏன் இவ்வளவு பெருமூச்சு விடுகிறார் என்று நினைத்திருப்பாள். அவளிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் நான் வரவேற்பாளராக இருந்தேன். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு சாவிப் பலகை, ஒரு ஆட்டம் காணும் நாற்காலி, அவ்வளவுதான். அடுத்த கடை சிக்கந்தரண்ணனின் வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாடை நாள் முழுக்க என் மேஜைவரை வரும். இப்போதும் எங்காவது அந்த வாடை அடித்தால் முதலில் பயம் வரும், பின்னாலேயே சிரிப்பு வரும்.

லாட்ஜுக்கு வருகிறவர்கள் நூல் வியாபாரிகள், பேண்டேஜ் துணி வாங்க வருகிறவர்கள், மில்லில் மெஷின் மாட்ட வரும் கோயம்புத்தூர்க்காரர்கள். அந்த ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் அறுபது வயதிருக்கும். பிரான்ஸில் பள்ளிக்கூட வாத்தியார்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கன்னியாகுமரியிலிருந்து மிதித்துக்கொண்டு வருகிறார்களாம். சைக்கிளின் இரண்டு பக்கமும் பை தொங்குகிறது, பின்சக்கரத்தில் பல்சக்கரம் அடுக்கடுக்காக இருக்கிறது. பாதி பஜார் லாட்ஜ் வாசலுக்கு வந்துவிட்டது. சிக்கந்தரண்ணன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் எத்தனை பல் என்று விரலால் எண்ணினார், டயரையும் தடவிப் பார்த்தார். அந்த அம்மாள் அவருக்காகச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

மறுநாள் அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். மெயின் ரோடு வேண்டாம், லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகின்றன, பயமாக இருக்கிறது என்றார் அந்தப் பெரியவர். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால் பேச்சு தங்கு தடையில்லாமல் போனது. பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். அவர்கள் ஊர்க் கால்வாய், கரையோடு சைக்கிள் பாதை, பக்கத்தில் திராட்சைத் தோட்டம். இதுமாதிரி இங்கே ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றேன். எங்களுக்குக் கால்வாய் இல்லாவிட்டால் என்ன, கண்மாய் இருக்கிறதே. திராட்சைக்குப் பதில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் மலையடிவாரம்வரை கிடக்கின்றன. கண்மாய்க் கரையோடு பாதி தூரத்தில் இருக்கும் மம்சாபுரம்வரை எனக்கு நன்றாகத் தெரியும், லீவு நாளில் வாடகை சைக்கிளில் குளிக்கப் போன பாதை. ஒரு தாளில் விறுவிறுவென்று வரைந்தேன். மம்சாபுரம் வந்ததும் பென்சில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் கிடையாது. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதைக் குறைவு. அதோடு சிக்கந்தரண்ணனும் லாட்ஜ் பையன்களும் சுற்றி நிற்கிறார்கள், வெள்ளைக்காரரோடு இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் எப்படி முழிப்பது? கோட்டை அப்படியே நீட்டினேன். மலையிலிருந்து வரும் ஓடையைத் தாண்டி, வளைந்து, எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றின் பெருமாள் கோயில் ஓரமாகப் போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டு சேர்த்தேன். ஓடைக்கு அக்கரையில் அவர்கள் உட்கார்ந்து இளைப்பாற ஒரு மரம் வேறு போட்டுக் கொடுத்தேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் போனார்கள். பத்து மணி வாக்கில் சிக்கந்தரண்ணன் டீ கிளாஸோடு வந்து மேஜையில் சாய்ந்தார். மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. "ஏலே, அந்த ஓடையில பாலம் கீலம் எதுவும் கெடையாதேடா. மலையில மழை ஊத்துது. நீ எப்பக் கடந்து போன?" என்று கேட்டார்.

நான் போனதில்லை என்றேன். அவர் திட்டவில்லை. கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, கடையிலிருந்து இரண்டு சைக்கிளை வெளியே எடுத்தார்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். முந்தின நாள் நான்தான் எழுதினேன். அடுத்து போகும் ஊர் என்ற இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று என் கையெழுத்து. சைக்கிளை மிதிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இரண்டு பேரின் முகம் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் முதலில் வந்தது அந்த ஃபாரம். முகங்கள் கண்மாய்க் கரை ஏறிய பிறகுதான் வந்தன. வந்த பிறகு போகவே இல்லை.

கரையெல்லாம் களிமண். நூறடிக்கு ஒரு தரம் இறங்கி, மட்கார்டுக்குள் அப்பியிருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியிருந்தது. எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தோம். எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் வடக்கே போனதாகச் சொன்னார். மம்சாபுரம் டீக்கடைக்காரர், அவர்கள் டீ குடித்துவிட்டு ராஜபாளையத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்றார். ஒருவர், சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிவிட்டதே நான்தான் என்று கை நீட்டிச் சத்தியம் செய்யாத குறை. ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. அத்தனை பேரிடமும் என்னையே பார்த்தது போலிருந்தது, எரிச்சலாக வந்தது.

நல்ல வேளை, சிக்கந்தரண்ணன் மனிதர்களை நம்பவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். முந்தின நாள் அந்த டயரைத் தடவிப் பார்த்தவர் அல்லவா. ஈர மண்ணில் இரண்டு ஒல்லியான தடங்களைக் கண்டுபிடித்துவிட்டார். தடம் தோப்புகளுக்கு ஊடே போனது. போய் ஓடைக்குள் இறங்கியது. ஓடையில் செந்தண்ணீர் மட்டையும் குப்பையும் புரட்டிக்கொண்டு இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் விளிம்போடு தடம் முடிந்துவிட்டது.

நான் சைக்கிளை அப்படியே கீழே போட்டேன்.  சிக்கந்தரண்ணன் தண்ணீர் போகும் திசையில் கரையோரமாகப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

அப்போது பின்னால் தென்னந்தோப்பிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "ஏ தம்பி, அந்த வெள்ளைக்காரவுகளத் தேடியா வாரிய? இங்கன இருக்காவ."

தோப்புக் காவல் குடிசையின் தாழ்வாரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் ஒரு தென்னங்கீற்றைப் போட்டு முடைந்துகொண்டிருந்தார், கோணல்மாணலாக. பெரியவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினார். நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் வரவில்லை. 

கூப்பிட்டவள் பெயர் பேச்சியம்மாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவளும் அவள் புருஷனும் அந்தத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அவளே சொன்னாள். ஓடையில் கணுக்கால் தண்ணீர் இருந்தபோதே இருவரும் வந்துவிட்டார்களாம். இறங்கப் போகிறபோது அவளைப் பார்த்து, தாளைக் காட்டி, அக்கரையைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அவள் கையை விரித்துத் தலையை ஆட்டியிருக்கிறாள். ஆனாலும் பெரியவர் சைக்கிளைத் தண்ணீர்வரை உருட்டிவிட்டார். அவள் ஓடிப் போய்ப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டாளாம். பிறகு தடம் பதியாத புல்லின்மேல் சைக்கிள்களைத் திருப்பி உருட்டி வந்தார்களாம்.

"எனக்கு இந்த ஓடை வரைக்குந்தான் தெரியும் தம்பி. அங்குட்டு எனக்குத் தெரியாது. தெரியாத வழிக்கு நான் எப்பிடிப் போகச் சொல்ல? வீட்டுக்காரரு வந்ததும் கேட்டுச் சொல்லுதேன், செத்த நேரம் இருங்கன்னு உக்கார வச்சேன். பொறவு அரை மணி நேரத்துல தண்ணி வந்துட்டு."

சாதாரணமாகச் சொன்னாள். ஒரு உயிரை, இரண்டு உயிரைக் காப்பாற்றியதாக அவள் நினைக்கவே இல்லை. கீற்றைத் தப்பாக முடைகிறார்களே என்ற கவலைதான் அவளுக்கு.

நான் பெரியவரிடம் போய், அந்தப் பாதி வழியில் நான் போனதில்லை, சும்மா வரைந்துவிட்டேன் என்று சொன்னேன். இங்கிலீஷ் அதற்கு மேல் வரவில்லை. அவர் தாளை எடுத்துப் பார்த்தார். அக்கரையில் நான் போட்ட மரத்தைத் தொட்டுக் காட்டி, அப்படியானால் இதுவும் பொய்தானா என்று கேட்டார். அதுவும்தான் என்றேன்.  அவருக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான். அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தார். பிறகு அவரும் சிரித்தார். இதுவரை வந்த பாதி மிக அழகு, அது பொய் இல்லையே என்றார்.

மழை விட்டதும் அவர்களை மெயின் ரோட்டு வழியாகவே ஸ்ரீவில்லிபுத்தூர்வரை கொண்டு விட்டோம். நாங்கள் இரண்டு பேரும் லாரிக்கு அணை கட்டின மாதிரி அவர்களுக்கு வலப்புறமாக மிதித்தோம். லாரி ஹாரன் அன்றைக்கு மாதிரி என்றைக்கும் எனக்கு இனித்ததில்லை.

தை பிறந்து ஓடை வற்றிய பிறகு நானும் சிக்கந்தரண்ணனும் அக்கரைக்குப் போய்ப் பார்த்தோம். பாதையே இல்லை. கருவேல முள்ளும், உள்ளே சுற்றுச்சுவர் இல்லாத ஒரு தரைக்கிணறும். அதன்பின் லாட்ஜில் யார் என்ன கேட்டாலும், தெரிந்ததைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் தெரியாது என்பேன். இப்படி ஒரு ஆளை எதற்கு மேஜையில் உட்கார வைத்திருக்கிறேன் என்று முதலாளி கேட்டார். இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது லாட்ஜ் இருந்த இடத்தில் செல்போன் கடைகள். வாடகை சைக்கிள் என்றால் என்னவென்று மகன் வீட்டுப் பேரன் கேட்கிறான். சிக்கந்தரண்ணன் தவறிப் பத்து வருடமாகிறது. போன வாரம் மனசு கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கண்மாய்க் கரையைப் பாதியில் வெட்டியிருக்கிறார்கள். தோப்பு இல்லை, பிளாட் போட்டுக் கல் நட்டு, கல்லுக்கு மஞ்சளும் சிவப்பும் அடித்திருக்கிறார்கள். ஓடை எது என்று பிடிபடவில்லை. போனில் வழி சொல்கிற பெண் நேராகப் போகச் சொன்னாள். நேரே பத்தடி உயரத்துக்குக் காம்பவுண்டுச் சுவர். மறுபடியும் நேராகப் போகச் சொன்னாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதான் போலிருக்கிறது.

போனை அணைத்துவிட்டு, பேச்சியம்மாளைப் பற்றி யாரிடமாவது கேட்கலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். வரிசையாகக் கற்கள்தான் நின்றன. தெரியாது என்று சொல்லக்கூட அங்கே ஒரு ஆள் இல்லை.